சதுரத்தின் முறை

பிப்ரவரி 3

அன்புள்ள சின்னவனுக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்று சபதம் போட்டிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். நாள் முழுக்க அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்தத் தம்பிக்கும் மின்னஞ்சல் எழுத வேண்டும் என்பது என் தலையெழுத்து.

அப்பாவின் பணி ஓய்வு விருந்தில் நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? நீ எழுந்து நின்றாய். "அப்பா ஒரு தடவைகூட" என்றாய். அதற்கு மேல் வரவில்லை. அப்பாவின் பழைய மேலதிகாரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று முழித்தார். பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவைகூட எங்களைத் திட்டினதில்லை!" என்று நான் முடித்து வைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நீ உட்கார்ந்துவிட்டாய். மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பியபோது வாசல் வரைகூட வரவில்லை. அப்பா நம்மைத் திட்டியதில்லை என்பது உண்மைதானே? பொய்யா சொன்னேன்?

அதை விடு. இது சங்கத்துச் செய்தி, தமிழ் அறையை நடத்துகிற தன்னார்வலர் என்ற முறையில் உனக்கு. திக்கிப் பேசுகிறவர்களுக்காக நாங்கள் இணையத்தில் மொழிக்கு ஓர் அறை திறந்து வைத்திருக்கிறோம் அல்லவா, எல்லாவற்றையும் இந்த மாதம் ஒழுங்குபடுத்தினோம். ஒரு வருடமாக ஒரு வார்த்தை பேசாத, ஒரு வரி எழுதாத கணக்குகளை நீக்கிவிட்டோம். நிதி தருகிறவர்கள் உண்மையான உறுப்பினர்கள் யார் யார் என்று கேட்கிறார்கள். பட்டியலைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான்தான். புதிதாகச் சேருகிறவர்களிடம் தாய்மொழி எது என்று கேட்டு நேராக அந்த மொழி அறைக்கே அனுப்புகிற ஏற்பாடும் வந்துவிட்டது. இனி யாரும் வழி தவறிப் போகமுடியாது. என் யோசனைதான், பாராட்ட வேண்டாம்.

உன் அறையில் ஒரே ஒரு கணக்குதான் போயிற்று. பேர் இல்லை, படம் இல்லை. ஆள் இருந்தாரா என்றே சந்தேகம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 8

தலைமை அலுவலகத்து மகாராணிக்கு,

நேற்று சனிக்கிழமை. எங்கள் கூட்டம். அந்த "ஆள் இருந்தாரா என்றே சந்தேகம்" வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மற்றவர்களிடம் சொல்ல நாக்கு எழவில்லை. எனக்கு எப்போதுமே எழாது என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

அவருக்கு நாங்கள் வைத்த பேர் சதுரம் சார். கேமராவை அணைத்துவிட்டுத்தான் வருவார். திரையில் அவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். பேர் வைத்தது எங்கள் அறையில் இருக்கிற லாரிக்காரர். ஒரு வருடமாக அவர் வராத சனிக்கிழமை கிடையாது. லாரிக்காரர் ஜோக் அடித்தால், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சதுரத்திலிருந்து ஒரு கைதட்டல் படம் வரும். அவர் ஊரில் இணையம் மெதுவோ என்னவோ.

எங்கள் அறைக்குள் நீ வந்ததில்லை. திக்காதவர்களுக்கு அனுமதி இல்லை என்று நீங்களே போட்ட விதி. அதனால் சொல்கிறேன், கேள். நாங்கள் முறை வைத்துப் பேசுவோம். எவ்வளவு நேரம் ஆனாலும் யாரும் யாருடைய சொல்லையும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. பல் டாக்டர் அம்மா முடித்ததும் நான் சொல்வேன், "சதுரம் சார், உங்க முறை." அப்புறம் எல்லாரும் காத்திருப்போம். யாரும் போனை நோண்டமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். அவர் பேசமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நன்றி சார், அடுத்த வாரம்" என்று சொல்லிவிட்டு லாரிக்காரரிடம் போவேன். ஒரு வருடமாக இப்படித்தான்.

போன மாதம் ஒருநாள் அவருடைய மைக் திறந்தது. மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே இழுத்த மூச்சு. பிறகு மூடிக்கொண்டது. அவ்வளவு பெரிய மீசை வைத்த லாரிக்காரர் அன்றைக்கு அழுதுவிட்டார். வாய் வரைக்கும் வந்துவிட்டார் அக்கா, அந்த மனிதர். அந்த நேரம் பார்த்து நீ கதவைச் சாத்தினாய்.

திக்குகிறவர்களின் சங்கத்தில் பேசாதவரை வெளியே அனுப்புகிற யோசனை எப்படித்தான் வருமோ! கண் சரியாகத் தெரியவில்லை என்று என் கண்ணாடிக் கடைக்கு வருகிறவரிடம், பலகையின் கடைசி வரியைப் படித்துக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்று நான் சொன்னால் எப்படி இருக்கும்?

அவரைத் திரும்பக் கொண்டுவா. விருந்தைப் பற்றி எழுத இப்போது மனசில்லை.

தம்பி


பிப்ரவரி 12

சின்னவனே,

கோபமாக எழுதும்போது எவ்வளவு நன்றாக எழுதுகிறாய்! சரி சரி, முறைக்காதே.

விசாரித்தேன். கணக்கை நீக்கினால் முகவரியையும் சேர்த்து அழித்துவிடுவார்களாம், உறுப்பினர்களின் பாதுகாப்புக்காக. பேரும் இல்லாத ஆளை நான் எங்கே போய்த் தேடுவது? நீயே உங்கள் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போடு. பார்த்தால் வந்து சேருவார். அவர் வராவிட்டால் அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை. பேசவே பேசாத ஒருவருக்கு என்ன வேண்டும் என்று இங்கிருந்து கொண்டு எனக்கு எப்படித் தெரியும்?

இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. கணக்கு போன எல்லாரும் எழுதுகிறார்கள். அதில் ஒரு கூத்தைக் கேள். ஒருவர் தமிழ் அறைக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எழுதுகிற மொழி வேறு, உலகத்தின் அந்தக் கோடியில் பேசுகிற மொழி. கணினியில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தால், தமிழில் ஒரு சொல்லும் தெரியாதாம். "உங்கள் மொழிக்கே தனி அறை இருக்கிறது" என்று வழியைக் குறிப்பிட்டு, கணினியை வைத்து மொழிபெயர்த்து அவர் மொழியிலேயே பதில் அனுப்பினேன். மறுபடி எழுதினார், சனிக்கிழமைக்குள் முடியுமா என்று. மறுபடி அதே பதிலை அனுப்பினேன். நேற்று, "தொந்தரவுக்கு மன்னிக்கவும், இனி எழுதமாட்டேன்" என்று வந்தது. பாவம், யாரோ குழம்பிப் போன ஆள்.

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் அடுத்த மாதம் தானியங்கி மொழிபெயர்ப்பு வரப்போகிறது. ஒருவர் பேசப் பேச, எல்லா மொழியிலும் திரையில் எழுத்து ஓடும். இயக்குநர் குதிக்கிறார்.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

அவர்தான் சதுரம்.

இங்கே ஒருவர் ஒற்றைக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய இன்னொரு வில்லையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழுதுகிறேன். கைதட்டல் ஏன் தாமதமாக வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. அவருக்கு ஜோக் புரியவில்லை. நாங்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுத் தட்டியிருக்கிறார். ஒரு வருடமாகத் தமிழில் நலம் விசாரித்து எழுதினோம், ஒரு வரி பதில் இல்லை. கூச்சம் என்று நினைத்தோம். நேற்று போட்ட "திரும்பி வாங்க சார்" அறிவிப்பும் தமிழில்தான் இருக்கிறது. மரமண்டைகள் நாங்கள்.

ஏன் வந்தார் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. உடனே எழுது. கணினியை மொழிபெயர்க்க விடாதே.

தம்பி


பிப்ரவரி 19

சின்னவனே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் எழுதியதை எல்லாம் மறுபடி எடுத்தேன். அந்த மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் எனக்கு அடுத்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தினமும் அவருடைய செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது நான். ஆனால் அந்தக் கடிதங்களை அவரிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணினிதான் சொல்லிவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் நான் அனுப்பிய பதிலைப் படித்தார். "இது அவங்க மொழியில எப்படி இருக்கு தெரியுமா? வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வர்ற நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து புதிதாக ஒன்று எழுதி அனுப்பினோம். அவருக்காக அறையில் காத்திருக்கிறார்கள் என்று எழுதினோம்.

இதுவரை பதில் இல்லை. எழுதமாட்டேன் என்று சொன்னவர் சொன்னபடியே இருப்பாரோ என்று பயமாக இருக்கிறது. தினமும் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

உன்னிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 22

அக்கா,

நேற்று எல்லாரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் உன்னைத் திட்டவில்லை. பல் டாக்டர் அம்மா மட்டும், "உங்க அக்காவை ஒரு நாள் என் நாற்காலியில உட்கார வைங்க" என்றார். அவர் எப்போதும் சொல்வார், பல் வைத்தியத்தில் நோயாளியாலும் பேசமுடியாது, தானும் பேசவேண்டியதில்லை, அதனால்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று.

அப்புறம் லாரிக்காரர் கேட்டார், "சார் முறை வந்தா என்ன பண்றது?" வழக்கம் போலத்தான் என்றேன். பல் டாக்டர் அம்மா முடித்ததும், "சதுரம் சார், உங்க முறை" என்றேன். சதுரமே இல்லை. ஆனாலும் காத்திருந்தோம். எப்போதும் காத்திருக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆகிவிட்டது, யாருக்கும் முடிக்க மனசு வரவில்லை.

உங்கள் மொழிபெயர்ப்புப் பொறியைப் பற்றியும் கேள்விப்பட்டேன். பேசுகிறவர் நடுவில் நின்றுவிட்டால் மீதியை அதுவே ஊகித்துப் போட்டுவிடுமாமே? உனக்கு ஒரு தங்கச்சி பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் அறைக்கு அவள் வேண்டாம்.

என்ன சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய்? அவசரமில்லை.

தம்பி


மார்ச் 3

சின்னவனே,

பதில் வந்துவிட்டது. சதுரம் சார் சார் இல்லை, ஒரு பெண். மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அதை அப்படியே கீழே தருகிறேன்.

"யாரையும் ஏமாற்ற நினைத்து நான் வரவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், தனியாக. பேசவேண்டியதில்லை என்பதற்காகவே பிடித்துப்போன வேலை. முதல் நாள் கைதவறி வேறு அறையை அழுத்திவிட்டேன். உடனே வெளியேறியிருப்பேன். ஆனால் ஓர் இளைஞர் ஒரு சொல்லின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நான் அப்படி நிற்கும்போது ஆட்கள் எழுந்து போயிருக்கிறார்கள். அதை இன்னொருவருக்கு நான் செய்யக்கூடாது என்று உட்கார்ந்தேன். அவர் முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முடித்தபோது எல்லாரும் அங்கேயேதான் இருந்தார்கள்.

"என் மொழி அறைக்கும் போய்ப் பார்த்தேன். நல்லவர்கள்தான். ஆனால் அங்கே ஒருவர் திக்கினால் அடுத்த சொல் எதுவென்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. என் வாய்க்குள்ளேயே அது வந்து நிற்கிறது. அவரைப் பின்னாலிருந்து தள்ளவேண்டும்போல இருக்கிறது. என் முறை வந்தால் அவர்களுக்கும் அப்படித்தானே இருக்கும் என்று பயந்து திரும்பிவிட்டேன். உங்கள் அறையில் அடுத்த சொல் எனக்குத் தெரியாது. தெரியாததால் காத்திருக்க மட்டுமே முடிகிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

"ஒவ்வொரு வாரமும் ஓரிடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்ப்பார்கள். இணையம் நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அது என் முறை என்று புரியப் பல வாரங்கள் ஆயின. அன்றைக்குக் கூண்டிலிருந்து இறங்கும்போது ஏணியில் நின்று அழுதேன்."

இவ்வளவுதான். இனிமேல் எல்லாம் புரியும்படி மொழிபெயர்ப்பு வரப்போகிறது என்று அவருக்கு நான் பெருமையாக எழுதியிருந்தேன். "தயவுசெய்து எனக்கு அது வேண்டாம்" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார். இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார், நான் நகரவில்லை. தமிழ் அறைக்கு அந்தப் பொறி வராது. பேசாதவர்களின் கணக்கையும் இனி யாரும் தொடமாட்டார்கள். அவருடைய கணக்கை நானே திறந்துவிட்டேன், தாய்மொழி என்ற கட்டத்தைக் காலியாக விட்டு. சனிக்கிழமை வருவாரா என்று தெரியாது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

சொல்லவேண்டும் என்றேனே, அது இதுதான். அந்த அம்மா எழுதியதை நான் எழுதிக்கொண்டே வந்தபோது, "பின்னாலிருந்து தள்ளவேண்டும்போல" என்ற இடத்தில் என் கை நின்றுவிட்டது. நீ வாயைத் திறந்தால் மீதி எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அன்றைக்கு விருந்தில் நீ என்ன சொல்ல வந்தாய் என்று இதுவரை உன்னிடம் கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

வந்தார். சாரி, வந்தாங்க.

கறுப்புச் சதுரமாகத்தான் வந்தார்கள். லாரிக்காரர் அவசரத்தில் எழுந்து நின்று கும்பிட்டதில் அவருடைய போன் குப்புற விழுந்து, கொஞ்ச நேரம் எங்களுக்கு அவர் வீட்டுக் கூரை மட்டும்தான் தெரிந்தது. பல் டாக்டர் அம்மா தன் முறையைச் சீக்கிரமாக முடித்தார், அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. அப்புறம் நான், "சதுரம் மேடம், உங்க முறை" என்றேன்.

மைக் திறந்தது. அதே மூச்சு. பிறகு படமும் திறந்தது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்கள், பின்னால் கண்ணாடி, அதற்குப் பின்னால் வானம். பேசினார்கள் அக்கா. அவர்கள் மொழியில். எங்கள் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல்லில் நின்றார்கள், நின்றார்கள், அப்படி நின்றார்கள். நானும் திக்குகிறவன் என்பது எனக்கே மறந்துபோய் வாய் துடித்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்றால் எதை எடுத்துக் கொடுக்க? காத்திருந்தோம். தாண்டி வந்தார்கள். இன்னும் கொஞ்சம் பேசினார்கள். கடைசியில், வழக்கம்போல அடுத்து வருகிற லாரிக்காரரிடம், தமிழில், ஒரு தடங்கலும் இல்லாமல், "உங்க முறை" என்றார்கள்.

ஒரு வருடமாகக் கேட்டுக் கேட்டு, தமிழில் அவர்களுக்குத் தெரிந்தது அந்த இரண்டு சொல்தான் போலிருக்கிறது. லாரிக்காரரால் அன்றைக்குப் பேச முடியவில்லை. அதற்கும் காத்திருந்தோம்.

நீ கேட்டதற்கு எழுதிப் பதில் சொல்லமாட்டேன். எழுதினால் எனக்குச் சுலபம், அதனால்தான். வரும் ஞாயிறு காலையில் போன் பண்ணு, எடுக்கிறேன். விருந்தில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பேன். நடுவில் நிற்பேன். நீ "ம்" கொட்டினால்கூட வைத்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள சின்னவனுக்கு,

நேற்று "அப்பா ஒரு தடவைகூட" என்று ஆரம்பித்துவிட்டு நீ நின்றபோது, என் வாய்க்குள் சொற்கள் வரிசை கட்டி நின்றன. அடித்ததில்லை, கடன் வாங்கியதில்லை, பொய் சொன்னதில்லை. ஒவ்வொன்றாக வந்தன. துப்பட்டாவின் முனையை வாயில் திணித்துக்கொண்டேன். சிரிக்காதே. பாலைப் பொங்கவிட்டேன், அடுப்பை அணைக்க எழுந்திருக்கவில்லை. அடுப்பு இன்னும் நாறுகிறது.

நீ சொல்லி முடித்தாய். "அப்பா ஒரு தடவைகூட என் பேச்சை முடிச்சு வெச்சதில்லை."

அந்த வாக்கியத்தைப் போய் நான் முடித்து வைத்தேனே! கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு!

அதற்கப்புறம் என்னால் பேச முடியவில்லை. ஒரு சொல் வரவில்லை. நீ "அக்கா, இருக்கியா?" என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் உன் கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்டது. காத்திருந்தாய். கடைசியில் நான் சொன்ன அந்த ஒரு சொல்லை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை, நீ கேட்டுவிட்டாய், அது போதும்.

அதெல்லாம் சரி. அப்பாவின் பழக்கம்தான் எனக்கு அப்புறம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. சாப்பிடும்போது நீ ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் அவர் கை தட்டிலேயே நிற்கும். நீ முடித்த பிறகுதான் மேலே வரும். நான் அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறேன், அவர் மெதுவாகச் சாப்பிடுகிறவர் என்று நினைத்துக்கொண்டு.

தாங்கவில்லை. நேற்றே அப்பாவுக்குப் போன் செய்துவிட்டேன். "அப்பா, அன்னைக்கு விருந்துல சின்னவன் நிஜமா என்ன சொல்ல வந்தான் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"இரும்மா" என்றார். "நீ சொல்லாதே. அவனே வந்து சொல்லட்டும்."

வரும் ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பாராம். போய்விட்டு வா.

அக்கா